நாலு மணி நேர கவர்ன்மென்ட் வேலை!

'மாப்ளே... சென்ட்ரல் கவர்ன்மென்ட் வேலை கிடைச்சிருச்சுடா!'

போன்ல அவன் போட்ட சத்தத்துல ஹாஸ்டலே எழுந்து உட்கார்ந்தது. எங்க பி.காம். செட்டிலேயே முதல் ஆர்டர் அவனுக்குத்தான். பரீட்சை எழுதலை, இன்டர்வியூ போகலை, யார் காலிலும் விழலை. என்னிக்கோ பத்தாம் வகுப்பில் வாங்கின மார்க், இன்னிக்கு அவனை அஞ்சல்துறைக்குள்ளே கொண்டுபோய் உட்கார வெச்சுடுச்சு. கோவில்பட்டிப் பக்கம் அவங்க வீட்டில் லட்டு விநியோகம். தூரத்து அத்தை ஒருத்தங்க, அதுவரை கண்டுக்காதவங்க, பொண்ணு போட்டோவோட வந்துட்டாங்களாம்!

ஆர்டரில் இருந்த ஊர், திருப்பூர் மாவட்டத்தில் அவிநாசிக்கும் பெருமாநல்லூருக்கும் நடுவே ஒரு கிராமம். (ஊர் பேரும், ஆள் பேரும் வேண்டாமே... பையன் வேலையில் இருக்கணும்!) போன மாசம் அவனைப் பார்க்கப் போயிருந்தேன். பஸ் ஸ்டாப்பில் என்னைக் கூட்டிப்போக வந்தவனைப் பார்த்து ஒரு நிமிஷம் அடையாளம் தெரியலை. வெயிலில் கறுத்து, நாலு கிலோ இளைச்சு, பைக் டேங்க் மேல ஒரு பை. நாய் துரத்தினதுக்கு சாட்சியா பேன்ட்டில் ஒரு கிழிசல்.

'என்னடா மாப்ளே, கவர்ன்மென்ட் ஆபீஸர் மாதிரியே இல்லையே'ன்னேன்.

'முதல்ல நான் கவர்ன்மென்ட்டான்னே தெரியலைடா'ன்னான். ஜோக்குன்னு நெனச்சு சிரிச்சேன். சாயங்காலம்தான் புரிஞ்சது, அவன் சொன்னது ஜோக் இல்லைன்னு.

சென்டம் போட்டவங்க க்யூ!

இந்த வேலைக்குப் பேர் கிராமின் டாக் சேவக். சுருக்கமா ஜி.டி.எஸ். இதில் கிளை அஞ்சலகத்தைக் கவனிச்சுக்கிறவர் பி.பி.எம்., அதாவது போஸ்ட் மாஸ்டர். அவருக்குத் துணையா தபால் பையைக் கொண்டுவந்து, வீடு வீடா பட்டுவாடா பண்றவர் ஏ.பி.பி.எம். நம்ம ஆள் ரெண்டாவது ரகம்.

தகுதி பத்தாம் வகுப்பு பாஸ். வயசு 18 முதல் 40. தமிழ்நாட்டில் வேணும்னா தமிழ் படிச்சிருக்கணும். சைக்கிளோ பைக்கோ ஓட்டத் தெரியணும். மார்க் வரிசைப்படி ஆள் எடுப்பாங்க. 2024 ஜூலை அறிவிப்பில் நாடு முழுக்க 44,228 இடங்கள், தமிழ்நாட்டுக்கு மட்டும் 3,789. நம்ம ஊரில் மார்க்குக்கா பஞ்சம்? 490-க்கு மேல வாங்கினவங்க எல்லாம் க்யூவில் நிற்கிறாங்க. அதில் பாதிப்பேர் டிகிரி முடிச்சவங்க, சிலர் பி.இ.

விண்ணப்பம் போடுறவங்க யாருமே முழுசாப் படிக்காத ஒரு வரி அந்த அறிவிப்பில் இருக்கு. இந்த வேலைக்கு வர்றவருக்கு வாழ்க்கை நடத்த வேற வருமானம் இருக்கணும்கிற நிபந்தனை. அதாவது, இந்தச் சம்பளத்தை மட்டும் நம்பி வராதேன்னு சேர்றதுக்கு முன்னாடியே சொல்லிடறாங்க. நம்ம ஆள் அந்த வரியைப் படிச்சானாம். 'எல்லா அப்ளிகேஷன்லயும் இப்படி ஏதாச்சும் போடுவாங்கல்ல'ன்னு விட்டுட்டானாம்!

சாலைன்னா ரோடு இல்லீங்க!

முதல் வாரம் அவன் பட்ட பாடு தனிக்கதை. கவரில் 'மேக்கால தோட்டம்'னு முகவரி. தெருப் பேர் கிடையாது, கதவு எண் கிடையாது. கொங்கு நாட்டில் விவசாயக் குடும்பங்கள் ஊருக்குள்ளே இல்லாம அவங்கவங்க தோட்டத்திலேயே வீடு கட்டிக் குடியிருப்பாங்க. வடக்கால தோட்டம், தெக்கால தோட்டம், பெரிய தோட்டம்னு அதுக்குப் பேர். எந்த இடத்துக்கு மேக்கால? அது அந்த ஊர்க்காரங்களுக்கு மட்டும் வெளிச்சம்.

ஒரு பெரியவர்கிட்ட வழி கேட்டிருக்கான். 'அந்தா, அந்தச் சாளைக்குப் போங் தம்பி'ன்னு கை காட்டியிருக்கார். இவன் காதில் 'சாலை'ன்னு விழுந்திருக்கு. ரோட்டைத் தேடி ரெண்டு கிலோமீட்டர் போயிட்டான். அப்புறம்தான் தெரிஞ்சுது, இந்தப் பக்கம் சாளைன்னா தோட்டத்து வீடு! திரும்பி வந்தப்போ அதே பெரியவர், 'ஏனுங் தம்பி, இந்த வெயில்ல எங்கீங் போயிட்டு வர்றீங்க?'ன்னு கேட்டு மோர் கொடுத்தாராம்.

தோட்டமாவது பரவாயில்லை. ஒரு தடவை கண்டுபிடிச்சா ஜென்மத்துக்கும் அது அங்கேயேதான் இருக்கும். உண்மையான தலைவலி லைன் வீடுகள்.

திருப்பூரோட பனியன் ஏற்றுமதி 2024-25 நிதியாண்டில் சுமார் 40 ஆயிரம் கோடி ரூபாய். அந்த பனியனை வெட்டித் தைச்சு மடிச்சு பெட்டியில் வைக்கிறவங்க எங்கே குடியிருப்பாங்க? டவுனுக்குள்ளே வாடகை கட்டுப்படியாகாதவங்களுக்கு சுத்துப்பட்டு கிராமங்கள்தான். ஒரு காம்பவுண்டு, உள்ளே ரயில் பெட்டி மாதிரி வரிசையா பத்துப் பதினஞ்சு ரூம், கடைசியில் பொது பாத்ரூம். தேனி, மதுரை, விருதுநகர்னு நம்ம தென் மாவட்டத்து ஆட்கள் ஒரு பக்கம், பீகார், ஒடிசா, ஜார்க்கண்ட், மேற்கு வங்காளத்திலிருந்து வந்தவங்க இன்னொரு பக்கம்.

இவங்களுக்கு லவ் லெட்டரா வருது? ஆதார், பான் கார்டு, ஏ.டி.எம். கார்டு, லோன் நோட்டீஸ், கோர்ட் தபால். ஒவ்வொண்ணும் ஒருத்தரோட பணத்தையோ, அடையாளத்தையோ பிடிச்சு வெச்சிருக்கிற காகிதம். முகவரியில் இருக்கிறது ஆள் பேர், ஓனர் பேரோட ஒரு காம்பவுண்டு, ஊர் பேர், பின்கோடு. அவ்வளவுதான். ஒரே காம்பவுண்டில் ஒரே பேரில் மூணு பேர். நல்ல கம்பெனியா ஒண்ணு கிடைச்சா மறு வாரமே ரூம் மாறிடுவாங்க. தீபாவளிக்கும் பொங்கலுக்கும் ஊருக்குப் போனா, திரும்பி வர்றப்போ வேற ஏரியா.

சரி, ஆள் அதே ரூமில்தான் இருக்கார்னு வையுங்க. அப்பவும் கொடுக்க முடியாது. ஏன்?

பனியன் கம்பெனி காலை எட்டரைக்கு ஆரம்பிக்கும். ஒரு ஷிப்ட்டுன்னா சாயங்காலம் அஞ்சரை. ஒன்றரை ஷிப்ட்டுன்னா ராத்திரி எட்டரை. பெரும்பாலும் ஒன்றரைதான். நம்ம ஆள் பட்டுவாடாவுக்குப் போறது பதினொண்ணு, பன்னெண்டு மணி. காம்பவுண்டுக்குள்ளே நுழைஞ்சா வரிசையா பதினஞ்சு பூட்டு! கம்பெனி கேட்டுக்குப் போனா, 'ப்ரொடக்‌ஷன் ஓடிட்டிருக்கு, சாப்பாட்டு நேரத்துல வாங்க'ன்னு செக்யூரிட்டி சொல்லுவார். சாப்பாட்டு நேரத்துக்கு ஒரு கம்பெனி கேட்டில் நிற்கலாம். எட்டு கேட்டில் நிற்க முடியுமா?

இவங்க எல்லாரும் வீட்டில் இருக்கிற ஒரே நாள் ஞாயித்துக்கிழமை. அன்னிக்கு போஸ்ட் ஆபீஸ் லீவு!

கொடுக்க முடியாத தபாலை ஏழு நாள் வரைக்கும் வெச்சிருந்துட்டு 'கதவு பூட்டு', 'வீடு மாறிவிட்டார்'னு குறிப்பெழுதி திருப்பி அனுப்பணும். முதல் மாசம் இவன் திருப்பி அனுப்பினதில் ஒரு ஏ.டி.எம். கார்டும் இருந்திருக்கு. ரெண்டு வாரம் கழிச்சு அந்த ஒடிசாக்காரப் பையன் தேடி வந்து, 'அண்ணா, கார்டு?'ன்னு கேட்டானாம். அரைகுறைத் தமிழில் அவனும், அரைகுறை இந்தியில் இவனும் பேசிப் பேசி, கடைசியில் கார்டு திரும்பிப் போயிடுச்சுன்னு புரிஞ்சதும் அந்தப் பையன் எதுவும் சொல்லாம போயிட்டானாம். 'திட்டியிருந்தாக்கூட நல்லாயிருந்திருக்கும்டா'ன்னான்.

கடிகாரத்துக்குத் தெரியாத நேரம்

இனி மேட்டருக்கு வருவோம். இந்த வேலை ஒரு நாளைக்கு நாலு மணி நேரம். அதிகபட்சம் அஞ்சு. ரூல் புக் அப்படித்தான் சொல்லுது. சம்பளமும் அந்த மணிக்கணக்குக்குத்தான்.

இந்த 'நாலு மணி நேரம்' எங்கிருந்து வந்ததுன்னு தெரிஞ்சா சுவாரஸ்யமா இருக்கும். வெள்ளைக்காரன் காலத்தில் கிராமத்துக்கு ஒரு முழுநேர போஸ்ட் மாஸ்டரைப் போட்டுச் சம்பளம் கொடுத்தா கட்டாதுன்னு, அந்த ஊர் வாத்தியார், கடைக்காரர் மாதிரி ஏற்கெனவே ஒரு பிழைப்பு இருக்கிறவங்ககிட்ட தபால் வேலையையும் பகுதி நேரமா ஒப்படைச்சாங்க. துறைக்கு வெளியே உள்ள ஊழியர்ங்கிற அர்த்தத்தில் 'எக்ஸ்ட்ரா டிபார்ட்மென்டல்'னு பேர். சுருக்கமா ஈ.டி. ஊரில் இப்பவும் பெருசுங்க 'ஈ.டி. போஸ்ட்மேன்'னு சொல்றதைக் கேட்கலாம். இந்த நூற்றாண்டுத் தொடக்கத்தில் பேர் மட்டும் கிராமின் டாக் சேவக்னு மாறுச்சு. வேற வருமானம் வேணும்கிற நிபந்தனை மாறலை. அந்த வாத்தியாருக்கு ஸ்கூல் சம்பளம் இருந்தது. இருபத்திரண்டு வயசில் கோவில்பட்டியிலிருந்து வந்து ரூம் எடுத்துத் தங்கியிருக்கிற பையனுக்கு என்ன இருக்கு?

அவனோட ஒரு நாளைக் கூடவே இருந்து பார்த்தேன். காலையில் சப் ஆபீஸுக்குப் போய்ப் பையை வாங்கணும். அங்கே தபால் வண்டி லேட்டுன்னா காத்திருக்கணும். ஒன்பது கிலோமீட்டர் வண்டி ஓட்டி கிளை அஞ்சலகத்துக்கு வரணும். அஞ்சலகம்னதும் பெரிய கட்டடம்னு நினைச்சுடாதீங்க. பி.பி.எம். அக்கா வீட்டுத் திண்ணையை ஒட்டின ஒரு ரூம்தான். கட்டடம் பார்த்துக் கொடுக்க வேண்டியதும் பி.பி.எம். பொறுப்பு! பையைப் பிரிச்சு, மொபைலில் ஒவ்வொண்ணா ஏத்தணும். 2025 ஆகஸ்டில் நாடு முழுக்கப் புது சாஃப்ட்வேர் வந்தப்போ சர்வர் படுத்த படுக்கையில், 'வட்டம் சுத்துறதையே பார்த்துட்டிருந்தேன்'னான். அப்புறம் லைனுக்குக் கிளம்பணும். மூணு மணிக்கு திரும்பி வந்து கணக்கு ஒப்படைச்சு, பையைக் கட்டி மறுபடி சப் ஆபீஸ். நான் கைக்கடிகாரத்தைப் பார்த்து எண்ணினேன். ஏழு மணி நேரம் நாப்பது நிமிஷம்.

'மத்த மூணே முக்கால் மணி நேரத்துக்கு?'

'அது சேவைடா. பேர்லயே சேவக்னு இருக்குல்ல?'

சம்பளம் எவ்வளவுன்னு உங்களுக்குக் கேட்கத் தோணும். கமலேஷ் சந்திரா கமிட்டி 2016-ல் கொடுத்த அறிக்கை தூசி படிஞ்சு கிடந்து, 2018 மே 22 முதல் 16 நாள் நாடு முழுக்க ஜி.டி.எஸ். ஊழியர்கள் ஸ்டிரைக் பண்ணின பிறகுதான், ஜூன் 6-ம் தேதி மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தது. அதன்படி ஏ.பி.பி.எம்.முக்கு நாலு மணி நேரத்துக்கு ஆரம்பத் தொகை 10 ஆயிரம் ரூபாய். பி.பி.எம்.முக்கு 12 ஆயிரம். இதுக்கு மேல அகவிலைப்படி. 2025 ஜூலை முதல் அது 58 சதவீதம். ஆக 15,800. வருஷத்துக்கு 3 சதவீதம் உயர்வு. மத்த அரசு ஊழியர் மாதிரி பென்ஷன் கிடையாது. மாசம் 300 ரூபாய் இவங்க போட, 300 ரூபாய் துறை போட, 65 வயசில் அந்தச் சேமிப்போட வீட்டுக்குப் போகலாம்.

அந்த 15,800-ல் ரூம் வாடகை, மெஸ், வண்டி டியூ, பெட்ரோல். 'பெட்ரோல் மட்டும் ஆயிரத்து ஐநூறு மாப்ளே. கவர்ன்மென்ட் தபாலை என் காசுல ஓட்டிக் கொடுக்கறேன்.' ரூமுக்கு எதிர் ரூமில் ஓவர்லாக் டெய்லர் அண்ணன் ஒருத்தர் இருக்கார். சனிக்கிழமை ராத்திரி சம்பளக் கவரோட வந்து, 'தம்பி, பேசாம நம்ம கம்பெனிக்கு செக்கிங்குக்கு வந்துருங்க. ஒன்றரை ஷிப்ட்டு பார்த்தா இதைவிட ஜாஸ்தி எடுக்கலாம்'னு வாராவாரம் கூப்பிடறாராம். கணக்குப் போட்டா அவர் சொல்றது தப்பில்லை. அதான் இவனுக்கு எரிச்சல்!

'முதல்ல நான் கவர்ன்மென்ட்டான்னே தெரியலை'ன்னு சொன்னானே... அதுக்கும் ஒரு கதை இருக்கு. கேரளாவில் ராஜம்மாங்கிற ஈ.டி. ஊழியர் உள்ளிட்டவங்களை முறையான விசாரணை இல்லாம வேலையை விட்டு எடுத்த வழக்கு சுப்ரீம் கோர்ட் வரை போச்சு. 1977-ல் தீர்ப்பு. இவங்க வகிக்கிறது அரசுப் பதவிதான், சட்டப்பாதுகாப்பு உண்டு, இஷ்டத்துக்கு எடுக்க முடியாதுன்னு கோர்ட் சொல்லிடுச்சு. ஆனா வழக்கமான அரசுப் பணி வரிசைக்குள்ளே இவங்க வரலை. ஒரு கால் உள்ளே, ஒரு கால் வெளியே. கிட்டத்தட்ட அரை நூற்றாண்டா அதே போஸ்! எட்டு மணி நேர வேலை, பென்ஷன்னு கேட்டு 2023 டிசம்பர் 12-லும் ஸ்டிரைக் நடந்தது. இந்தியாவில் இருக்கிற சுமார் 1.64 லட்சம் அஞ்சலகங்களில் பத்துக்கு ஒன்பது கிராமப்புறம். அதில் பெரும்பாலானவை கிளை அஞ்சலகங்கள். அத்தனையையும் நடத்தறது இந்த ரெண்டுங்கெட்டான் ஊழியர்கள்தான்.

பாலிசி போடறீங்களா பாட்டி?

'தபால் கொடுக்கிறதுகூட ஓகேடா. டார்கெட்தான் தூக்கத்தைக் கெடுக்குது.'

இன்னிக்கு கிளை அஞ்சலகம்கிறது பாதி பேங்க். செல்வமகள் திட்டம், சேமிப்புக் கணக்கு, 1995-ல் ஆரம்பிச்ச கிராமிய அஞ்சல் ஆயுள் காப்பீடு, 2018 செப்டம்பரில் வந்த போஸ்ட் பேமென்ட்ஸ் பேங்க் எல்லாம் உண்டு. மேலே இருந்து வாட்ஸ்அப் குரூப்பில் தினமும் கேள்வி வரும், இன்னிக்கு எத்தனை கணக்கு, எத்தனை பாலிசின்னு. பூஜ்யம் போட்டவங்க பேர் தனியா வரும். ஞாயித்துக்கிழமைகூட மெசேஜ் வருமாம். (பட்டுவாடாவுக்குத்தான் ஞாயிறு லீவு, டார்கெட்டுக்கு இல்லை போல!)

உள்ளூர் ஆளா இருந்தா மாமன், மச்சான், பங்காளின்னு பத்துப் பாலிசி பிடிக்கலாம். இவனுக்கு அந்த ஊரில் தெரிஞ்சது மோர் கொடுத்த பெரியவர் மட்டும்தான். அவரும், 'எனக்கு எழுவத்தி ரெண்டு ஆச்சுங் தம்பி, எனக்கெதுக்குங் பாலிசி?'ன்னு சிரிச்சுட்டாராம். முதல் ரெண்டு மாச டார்கெட்டுக்கு ஊரில் இருக்கிற அம்மா பேரிலும் தங்கச்சி பேரிலும் கணக்குத் தொடங்கி, முதல் தவணையை இவனே கட்டினான்.

ஆனா அதே மெஷினை வெச்சு அவன் செய்யற இன்னொரு வேலையைச் சொல்றப்போ மட்டும் குரல் மாறுது. ஆதார் கைரேகை வெச்சு வீட்டு வாசலிலேயே பணம் எடுத்துக் கொடுக்கிறது. 2023 செப்டம்பரில் மகளிர் உரிமைத் தொகை ஆரம்பிச்சதிலிருந்து, பணம் ஏறினதும் பாட்டிகள் இவன் வண்டிச் சத்தத்துக்குக் காதைத் தீட்டிட்டு உட்கார்ந்திருப்பாங்க. பேங்க்குக்குப் போனா பஸ் மாத்தணும், அரை நாள் போகும். காட்டு வேலை பார்த்து ரேகை தேய்ஞ்ச விரல். நாலு தடவை வெச்சாலும் எடுக்காது. துணியில் துடைச்சு, லேசா ஈரம் பண்ணி, வேற விரல் மாத்தி வெச்சு... ஒருத்தருக்கு இருபது நிமிஷம் ஆகும். 'வந்துருச்சுங்களா கண்ணு?'ன்னு பாட்டி கேட்கிறப்போ, 'சர்வர் இல்ல பாட்டி, நாளைக்கு வாரேன்'னு சொல்ல வாய் வரலைங்கிறான். அந்த இருபது நிமிஷமும் நாலு மணி நேரக் கணக்கில் இல்லை.

அப்புறம் ஏன்டா இருக்க?

கேட்டே விட்டேன். விட்டுட்டு சென்னைக்கு வந்து ஏதாவது பி.பி.ஓ.வில் சேரலாமே?

'பரீட்சைடா'ன்னான். ஜி.டி.எஸ். ஆனவங்க துறைத் தேர்வு எழுதி எம்.டி.எஸ்., போஸ்ட்மேன், போஸ்டல் அசிஸ்டென்ட்னு நிரந்தர வேலைக்குப் போகலாம். அவனோட ரூமில் கட்டிலுக்கு அடியில் ஒரு கட்டு கைடு. ராத்திரி பத்திலிருந்து பன்னெண்டு வரைக்கும் படிப்பு.

தமிழ்நாட்டில் போஸ்ட்மேன் பரீட்சைன்னாலே ரெண்டு பழைய கூத்து ஞாபகம் வரும். 2016 டிசம்பரில் நடந்த தேர்வில் ஹரியானா, மகாராஷ்டிராக்காரங்க சிலர் தமிழில் நம்மாளுங்களைவிட அதிக மார்க் வாங்கி, ஊரே வாயைப் பிளந்தது. அந்தத் தேர்வு ரத்தாச்சு. அடுத்து 2019 ஜூலை 14-ம் தேதி இங்கிலீஷ், இந்தியில் மட்டும் தேர்வு வெச்சாங்க. பார்லிமென்ட்டில் நம்ம எம்.பி.க்கள் கிளப்பின கூச்சலில் ரெண்டே நாளில் அதுவும் ரத்து. தமிழ் உள்ளிட்ட மொழிகளில் மறுபடி நடத்தறோம்னு அமைச்சர் அறிவிச்சார். மேக்கால தோட்டத்தைக் கண்டுபிடிக்கத் தமிழ் தெரிஞ்ச கோவில்பட்டிக்காரனுக்கே நாக்குத் தள்ளுது... ஹரியானாக்காரர் வந்திருந்தா என்ன பண்ணியிருப்பார்?

நான் கிளம்பினது ஞாயித்துக்கிழமை காலையில். பஸ் ஏத்தி விடறேன்னு வண்டியை எடுத்தவன், நேரா ஸ்டாப்புக்குப் போகாம ஒரு லைன் காம்பவுண்டுக்குள்ளே நுழைஞ்சான். சட்டைப் பையில் ஒரு ஸ்லிப். பேரும் ஊரும் எழுதியிருந்தது. பான் கார்டு ஒண்ணு வந்து அஞ்சு நாளா ஆபீஸில் கிடக்காம். தபாலை வெளியே எடுத்துட்டு வரக்கூடாது, அதனால பேரை மட்டும் குறிச்சு வெச்சுட்டு வந்திருக்கான்.

பொதுக் குழாயில் துணி துவைச்சிட்டிருந்த ஒரு அக்காகிட்ட கேட்டான். 'அந்தப் பையன் போன வாரமே காலி பண்ணிட்டானேப்பா. ரேஷன் கடைக்குப் பின்னாடி, பச்சை கேட்டு போட்ட காம்பவுண்டுல இருக்கறதா சொன்னாங்க.'

'மாப்ளே, உனக்கு பஸ் எத்தனை மணிக்கு?'

'பத்தரைக்கு.'

மணி பார்த்தான். பத்து அஞ்சு. 'ஏறு, அந்த வழியாத்தான் போகணும்'னு வண்டியைத் திருப்பினான். பஸ் ஸ்டாப் அதுக்கு நேர் எதிர்த்திசையில் இருக்குன்னு எனக்கும் தெரியும்.